இருளைக் காக்கும் ஊர்

நுழையும்முன்

ஒளியை அறிவின் அடையாளமாகவும் இருளை அறியாமையின் அடையாளமாகவும் பேசுவது நம் வழக்கம். ஆனால், வானை அறிய விரும்புவோர் இருளைத் தேடி நெடுந்தொலைவு பயணம் செய்கின்றனர். இரவு வானைக் காண வானியல் ஆர்வலர்கள் ஒன்றுகூடும் நிகழ்வை 'ஸ்டார் பார்ட்டி' என்பர். தமிழில் 'விண்மீன் கூடல்' எனலாம். லடாக்கில் நிகழ்ந்த அத்தகைய கூடல் ஒன்றில் பங்கேற்ற பள்ளி ஆசிரியரின் பட்டறிவு இங்குப் பாடமாக அமைகிறது.

ஹான்லேயை நோக்கி

புரட்டாசி அமாவாசைக்கு முந்திய நாள் நண்பகலில் எங்கள் வண்டி ஹான்லேயை அடைந்தது. லே நகரிலிருந்து பெரும்பகுதி சிந்து ஆற்றின் கரையோடு செல்லும் நீண்ட மலைப்பயணம் அது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,300 மீட்டர் உயரத்தில், மரங்களற்ற பழுப்பு மலைகளுக்கு நடுவே விரிந்திருந்தது அச்சமவெளி. அங்குக் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் மூன்று பங்கே. தொலைநோக்கிப் பெட்டியுடன் பத்தடி நடப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. லேயில் சில நாள்கள் தங்கி உடலைப் பழக்கிக்கொண்ட பின்னரே இங்கு வரவேண்டும் என வற்புறுத்தியதன் காரணம் அப்போது விளங்கியது.

நான் சவ்வாது மலையடிவாரத்தில் உள்ள மேல்நிலைப்பள்ளி ஒன்றின் இயற்பியல் ஆசிரியன். அம்மலைமீதுள்ள காவலூர் ஆய்வகத்தில் 1986ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் 2.34 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கியைப் பள்ளிப் பருவத்தில் கண்டேன். வானின்மீது எனக்குள்ள பற்று அன்று தொடங்கியது. காவலூரை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனமே ஹான்லே ஆய்வகத்தையும் நடத்துகிறது. ஊருக்கு அருகிலுள்ள குன்றின் உச்சியில், 4,500 மீட்டர் உயரத்தில், சுப்பிரமணியன் சந்திரசேகர் பெயரைத் தாங்கிய 2 மீட்டர் தொலைநோக்கி நிற்கிறது. பெங்களூருக்கு அருகிலுள்ள ஒசகோட்டையில் இருந்தவாறே செயற்கைக்கோள் இணைப்பின்வழி அறிவியலாளர்கள் அதனை இயக்குகின்றனர். வறண்ட காற்று, முகில் குறைந்த வானம், விளக்குகள் அருகிய நிலப்பரப்பு ஆகிய மூன்றும் கூடியதால் ஹான்லே வானியலுக்கு உகந்த இடமாயிற்று.

கூடல் என்னும் மரபு

வானியல் ஆர்வலர்கள் ஊருக்கு வெளியே கூடி, தொலைநோக்கிகளைப் பகிர்ந்து வானம் பார்க்கும் மரபுக்கு நூறாண்டு வரலாறு உண்டு. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ரசல் போர்ட்டர் என்பவர் உள்ளூர்த் தொழிலாளர்களுக்குத் தொலைநோக்கி செய்யக் கற்றுக்கொடுத்தார். அவர்கள் உருவாக்கிய 'ஸ்டெல்லாஃபேன்' என்னும் மலையகத்தில் 1926ஆம் ஆண்டு முதல் மாநாடு நடைபெற்றது. தாமே செய்த கருவியைப் பிறருக்குக் காட்டுவதும் பிறர் கருவியில் தாம் பார்ப்பதும் அங்கு வழக்கமாயின. இன்று உலகின் பல நாடுகளில் இத்தகைய கூடல்கள் நிகழ்கின்றன. ஹான்லேயில் முதற்கூடல் 2023ஆம் ஆண்டு நடைபெற்றது.

கூடலுக்கு எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. எவருடைய கருவியாயினும் அனைவரும் வரிசையில் நின்று பார்க்கலாம். பேராசிரியரும் வண்டி ஓட்டுநரும் ஒரே வரிசையில் நிற்பர். எழுதப்பட்ட சட்டமும் ஒன்று உண்டு: பொழுது சாய்ந்த பிறகு வெள்ளை ஒளி கூடாது.

தெரியுமா?

1915ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் பிறந்த ஜான் டாப்சன், சான் பிரான்சிஸ்கோவில் இராமகிருஷ்ண மரபைச் சார்ந்த வேதாந்த மடத்தில் துறவியாக இருந்தவர். கழித்த கண்ணாடித் துண்டுகளைத் தேய்த்து ஆடிகளாக்கி, ஒட்டுப்பலகையில் எளிய தாங்கி அமைத்துக் குறைந்த செலவில் பெரிய தொலைநோக்கிகளை உருவாக்கினார். மடத்தை விட்டு வெளியேறிய பின், அவற்றை நடைபாதையில் நிறுத்தி வழிப்போக்கர்களை அழைத்து வானைக் காட்டினார். அவ்வகைத் தொலைநோக்கி இன்று 'டாப்சோனியன்' என வழங்குகிறது.

இருளுக்குப் பழகும் கண்

நம் விழித்திரையில் கூம்பு செல்கள், குச்சி செல்கள் என இருவகைச் செல்கள் உள்ளன. கூம்பு செல்கள் பகலில் நிறத்தையும் நுட்பத்தையும் காட்டுகின்றன. மங்கிய ஒளியில் காண உதவுபவை குச்சி செல்கள். அவற்றிலுள்ள ரோடாப்சின் என்னும் நிறமி வெளிச்சத்தில் சிதைந்து, இருளில் மெல்ல மீண்டும் உருவாகிறது. கண் இருளுக்கு நன்கு பழக அரைமணி நேரம் வேண்டும். ஆனால், வெண்ணிற ஒளி ஒரு நொடி பட்டாலும் அந்தக் காத்திருப்பு பயனற்றுப்போகும். குச்சி செல்கள் சிவப்பொளியை மிகக் குறைவாகவே உணர்வதால், கூடலில் மங்கிய சிவப்பு விளக்கை மட்டும் பயன்படுத்துகின்றனர்.

மற்றொரு நுட்பமும் உண்டு. விழித்திரையின் நடுப்புள்ளியில் குச்சி செல்கள் இல்லை. ஆகவே, மிக மங்கிய பொருளை நேராக நோக்கினால் அது மறையும். பார்வையைச் சற்றே விலக்கினால் தோன்றும். நேரே பார்ப்பதுதான் நன்றாகப் பார்ப்பது என்னும் நம் எண்ணத்தை இரவு வானம் திருத்திவிடுகிறது.

அன்று மாலை கதிரவன் மறைந்து ஒன்றரை மணி நேரம் கழித்து, தென்மேற்கே தனுசு விண்மீன் குழுவிலிருந்து தலைக்குமேல் வரை பால்வெளி எழுந்து நின்றது. முதலில் அதனை முகில் என்றே எண்ணினேன். அதன் நடுவே கரும்பட்டை ஒன்று கிளை பிரிந்து ஓடியது. விண்மீன்களின் ஒளியை மறைக்கும் தூசுப்படலம் அது. கிழக்கே ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலம் வெறுங்கண்ணுக்கு ஒரு நீள்வட்டத் திட்டாகத் தெரிந்தது. அதன் ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 25 இலட்சம் ஆண்டுகள் ஆகின்றன. பின்னிரவு நெருங்கக் கார்த்திகை விண்மீன்கள் மேலேறின. நம் முன்னோர் ஆரல் என்றும் அறுமீன் என்றும் வழங்கிய கூட்டம் அது. எங்கள் ஊரில் நான்கு விண்மீன்களுக்குமேல் எனக்குத் தெரிந்ததில்லை. அன்று ஆறும் தெளிவாகத் தெரிந்தன. பொறுமையாகப் பார்த்தபோது ஒன்பது வரை எண்ணினேன்.

ஒரு நொடிப் பிழை

முதல் இரவில் ஏறத்தாழ ஒன்பதரை மணி இருக்கும். என் டாப்சோனியன் தொலைநோக்கியில் முக்கோண விண்மீன் மண்டலத்தைப் பிடித்திருந்தேன். ஆண்ட்ரோமெடாவினும் சற்றுத் தொலைவில் உள்ள அது மிகவும் மங்கியது. நகரத்து வானில் என் கருவிக்குள் ஒருநாளும் அகப்படாதது. அதனைக் காணப் பத்துப் பேர் வரிசையில் நின்றனர். கடைசியில் நின்றவள் அவ்வூர்ச் சிறுமி; ஏழெட்டு வயதிருக்கும்.

அப்போது என் கையிலிருந்த கண்ணருகு வில்லை நழுவிக் கற்களிடையே விழுந்தது. உறைபனிக் குளிரில் விரல்கள் மரத்திருந்தன. எண்ணிப் பாராமல் அலைபேசியை எடுத்து விளக்கை ஏற்றினேன்.

"வெளிச்சம்! வெளிச்சம்!" எனப் பல மொழிகளில் குரல்கள் எழுந்தன. உடனே அணைத்தேன். ஆனால், செய்த பிழை செய்ததுதான். அருகில் முதியவர் ஒருவர் நெடுநேரமாகத் திறந்து வைத்திருந்த ஒளிப்படக் கருவியில் என் விளக்கொளி படிந்து அப்படம் பாழாயிற்று. நான் வருந்தி நின்றேன்.

"படத்தை மீண்டும் எடுத்துக்கொள்ளலாம், ஆசிரியரே. அதோ அந்தக் குழந்தை இனி அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும், அதைத்தான் ஈடுசெய்ய முடியாது" என்றார் அவர்.

அவர் சொன்னவாறே ஆயிற்று. சிறுமியின் முறை வந்தபோது அவள் கண்கள் இன்னும் இருளுக்குத் திரும்பவில்லை. வில்லையில் கண்ணை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை என்று தலையசைத்தாள். குளிர் கூடிக்கொண்டிருந்ததால் அவளுடைய தாய் அவளை வீட்டுக்கு அழைத்துச் சென்றுவிட்டார். முப்பதாண்டுகளாக ஒளியியல் கற்பிக்கும் நான், ஒரு நொடி ஒளியால் ஒரு குழந்தையின் வானத்தை மறைத்துவிட்டேன்.

ஊரார் காக்கும் வானம்

மறுநாள் காலையில் சிறுமியின் தாயைச் சந்தித்தேன். அவர் அவ்வூரின் வானியல் தூதர்களுள் ஒருவர். லடாக் ஒன்றிய ஆட்சிப்பகுதி நிருவாகமும் லே மலை மேம்பாட்டு மன்றமும் இந்திய வான் இயற்பியல் நிறுவனமும் இணைந்து ஹான்லே இருள்வான் காப்பகத்தை உருவாக்கின. 2022 திசம்பரில் அறிவிக்கப்பட்ட அதன் பரப்பு 1,073 சதுர கிலோமீட்டர். வருவோருக்கு வானைக் காட்டுவதற்கு அப்பகுதி ஊர்களைச் சேர்ந்தவர்களே பயிற்சி பெற்றுள்ளனர், தொலைநோக்கிகளும் பெற்றுள்ளனர்.

"ஜூலே" என வணங்கி வரவேற்றவரிடம் முந்தைய இரவுக்காக மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, என் அலைபேசியை வாங்கி அதன் விளக்கின்மீது சிவப்புத்தாளை இரண்டு மடிப்பாக ஒட்டித் தந்தார்.

"வானத்துக்காக விளக்கில்லாமல் வாழ்வது உங்களுக்குத் துன்பமாக இல்லையா?" என்று கேட்டேன்.

"விளக்கில்லாமல் யார் வாழ்கிறார்கள், ஐயா? எங்கள் வீட்டில் விளக்கு இருக்கிறது. சன்னலுக்குத் திரை போட்டிருக்கிறோம். வெளிவிளக்குக்கு மேல்மூடி உண்டு. இரவில் வண்டிகள் முகப்பு விளக்கைத் தாழ்த்தி வருகின்றன. முன்பெல்லாம் இரவைப் பார்க்க இங்கு யாரும் வந்ததில்லை. இப்போது வருகிறவர்கள் எங்கள் வீட்டில் தங்குகிறார்கள். என் மகளின் படிப்புச் செலவு அதிலிருந்துதான் போகிறது" என்றார்.

அந்த மறுமொழி என் கேள்வியின் பிழையை உணர்த்தியது. வளர்ச்சி வேண்டுமாயின் வானை இழக்க வேண்டும், வானம் வேண்டுமாயின் வளர்ச்சியை இழக்க வேண்டும் என நான் எண்ணியிருந்தேன். ஹான்லே மக்கள் விளக்கைத் துறக்கவில்லை. விளக்கின் ஒளி விழவேண்டிய இடத்தில் மட்டும் விழுமாறு அமைத்துக்கொண்டனர்.

ஒளிமாசு

தேவையற்ற இடத்தில், தேவையற்ற நேரத்தில், தேவைக்கு மிகுதியாகப் பரவும் செயற்கை ஒளியே ஒளிமாசு எனப்படுகிறது. மூடியற்ற தெருவிளக்கின் ஒளியில் ஒரு பகுதி வானை நோக்கிச் செல்கிறது. காற்றிலுள்ள மூலக்கூறுகளாலும் தூசாலும் சிதறி, வானத்தையே மங்கிய திரையாக்குகிறது. நீலம் மிகுந்த வெண்ணிற ஒளி மிகுதியாகச் சிதறும். பகல்வானம் நீலமாகத் தோன்றுவதற்கும் அச்சிதறலே காரணம். 2016ஆம் ஆண்டு வெளியான உலக ஆய்வொன்று, மாந்தருள் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் ஒளிமாசு படிந்த வானின்கீழ் வாழ்வதாகவும் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் பால்வெளியைக் காண இயலாதவர்களாகவும் இருப்பதாகத் தெரிவித்தது.

இழப்பு வானியலாருக்கு மட்டும் உரியதன்று. சென்னைக் கடற்கரை மணலில் பொரிந்து வெளிவரும் பங்குனி ஆமைக்குஞ்சுகள் இயல்பாக ஒளி மிகுந்த கடற்பக்கம் நோக்கிச் செல்பவை. கரையிலுள்ள விளக்குகள் கடலினும் மிகுதியாக ஒளிரும்போது அவை திசைமாறிச் சாலைப் பக்கம் ஊர்ந்து மடிகின்றன. அவற்றைக் காக்கத் தன்னார்வலர்கள் இரவுகளில் கடற்கரையில் நடந்து, முட்டைகளைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றிவருகின்றனர்.

எனினும், ஒளிமாசுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. ஆற்றில் கலந்த சாயக்கழிவை அகற்றப் பல ஆண்டுகள் ஆகும். மண்ணில் புதைந்த நெகிழி தலைமுறைகளைத் தாண்டியும் கிடக்கும். ஒளிமாசோ விளக்கைத் திருத்திய இரவிலேயே நீங்கத் தொடங்கும். மேல்மூடி அமைத்தல், மஞ்சள் கலந்த மென்னிற ஒளியைத் தேர்தல், தேவையான அளவே ஒளி அமைத்தல், தேவையற்ற வேளையில் அணைத்தல் ஆகிய நான்கும் அதற்குப் போதுமானவை.

தெரியுமா?

சென்னை நுங்கம்பாக்கத்தில் இயங்கிய வானியல் ஆய்வகத்தில் பணியாற்றிய நார்மன் போக்சன் 1861ஆம் ஆண்டு 'ஆசியா' என்னும் குறுங்கோளைக் கண்டறிந்தார். அதே ஆய்வகத்தில் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867ஆம் ஆண்டு 'ஆர் ரெட்டிக்குலி' என்னும் மாறொளி விண்மீனைக் கண்டறிந்தார். வெறுங்கண்ணுக்குப் புலப்படாத பொருள்களைத் தேடிக் கண்ட வானம் அன்று சென்னைக்கு மேலேயே இருந்தது.

அகத்திய மீனைத் தேடி

இரண்டாம் இரவில் அச்சிறுமி மீண்டும் வந்தாள். இம்முறை அரைமணி நேரம் அவளுடன் இருளில் அமர்ந்திருந்தேன். பிறகு முக்கோண மண்டலத்தைக் காட்டினேன். நேரே பார்க்காமல் ஓரத்தைப் பார்க்குமாறு அவளுடைய தாய் லடாக்கி மொழியில் சொன்னார். சிறிது நேரம் ஓசையில்லை. பின் அவள் ஏதோ கூவினாள். "விலகிப் பார்த்தால் வருகிறதாம், நேரே பார்த்தால் ஓடிவிடுகிறதாம்" எனத் தாய் மொழிபெயர்த்தார். ஏறத்தாழ 27 இலட்சம் ஆண்டுகள் பயணம் செய்த ஒளி அவள் கண்ணை வந்து சேர்ந்தது.

விடியலுக்கு முன் கிழக்கே மங்கிய ஒளிக்கூம்பு ஒன்று சாய்ந்து நின்றது. கோள்களுக்கிடையே பரவியுள்ள தூசின்மீது கதிரவனின் ஒளி பட்டுச் சிதறுவதால் தோன்றும் இராசி ஒளி அது. அதனைக் கண்டபின் தெற்கே திரும்பி, அகத்திய மீனைத் தேடினேன். இரவு வானில் ஒளிமிக்க விண்மீன்களுள் அது இரண்டாவது. எங்கள் ஊரில் மார்கழி, தை இரவுகளில் தெற்கே 25 பாகை உயரம் வரை எழும். ஹான்லேயோ நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 33 பாகை வடக்கே உள்ளது. அங்கு அகத்திய மீன் அடிவானிலிருந்து 5 பாகை உயரத்தைக்கூட எட்டாது. தென்மலை அதனை மறைத்திருந்தது.

அருகில் நின்ற சிறுமியின் தாயிடம் இதனைக் கூறினேன்.

"உங்கள் ஊரில் நன்றாகத் தெரியுமா, ஐயா?" என்று கேட்டார்.

"நன்றாகத் தெரியும். நீங்கள் இங்குக் காண முடியாத தென்சிலுவையும் சித்திரை, வைகாசி மாலைகளில் தெரியும்" என்றேன்.

"அப்படியென்றால் அந்த வானத்தை யார் காக்கிறார்கள்?"

என்னிடம் விடை இல்லை. உலகின் சிறந்த வானைத் தேடி நாட்டின் வடகோடிக்கு வந்திருந்த நான், என் ஊருக்கு மேலிருந்த வானத்துக்காக ஒரு விளக்கையும் திருப்பி வைத்ததில்லை.

அறுமீனை எண்ணும் மாணவர்

ஊர் திரும்பியதும் மாணவர்களை ஓர் இரவு பள்ளித்திடலுக்கு அழைத்தேன். கார்த்திகைக் கூட்டத்தில் எத்தனை விண்மீன்கள் தெரிகின்றன என ஒவ்வொருவரும் எண்ணி எழுதினர். பெரும்பாலோர் எழுதிய எண் நான்கு. பிறகு திடலின் ஓரத்தில் எரிந்த பெரிய விளக்கைக் கவனித்தோம். திடலுக்காக வைத்த அவ்விளக்கு, பாதி ஒளியை மரக்கிளைகளுக்கும் வானுக்கும் வழங்கிக்கொண்டிருந்தது. தலைமையாசிரியரின் இசைவுடன் விளக்கைக் கீழ்நோக்கித் திருப்பி, தகரத்தால் மேல்மூடி பொருத்தினோம். வானுக்குப் போன ஒளி தரைக்கு வந்தது. முன்பு இருண்டிருந்த வாயிற்படி தெளிவாகத் தெரிந்தது. இரவுக் காவலர் மகிழ்ந்தார்.

மறுவாரம் மீண்டும் எண்ணினோம். பெரும்பாலோர் ஐந்து என எழுதினர். கூரிய பார்வையுடைய மாணவி ஒருத்தி ஆறு என்றாள். ஒரு விளக்குமூடி ஓர் ஊரின் வானைக் கறுப்பாக்கிவிடாது. எங்கள் கண்ணில் நேரே அடித்த கூச்சம் நீங்கியதே அந்த ஒரு விண்மீனை மீட்டுத் தந்தது. ஊர்த் தெருவில் அத்தகைய விளக்குகள் இன்னும் நாற்பத்திரண்டு உள்ளன. அவற்றை எண்ணிக் கணக்கெடுத்தவர்கள் மாணவர்களே. ஊராட்சிக்கு அளிக்க வேண்டிய விண்ணப்பத்தை இப்போது அவர்கள் எழுதிக்கொண்டிருக்கின்றனர்.

சொல்லும் பொருளும்

அருகிய – குறைந்த. ஆரல் – கார்த்திகை விண்மீன் கூட்டம். அகத்திய மீன் – தென்வானில் தோன்றும் ஒளிமிக்க விண்மீன். பாகை – கோண அளவு. இசைவு – ஒப்புதல்.

கற்பவை கற்றபின்…

1. அமாவாசையை ஒட்டிய இரவில் கார்த்திகை விண்மீன் கூட்டத்தை உங்கள் வீட்டிலிருந்தும் ஊருக்கு வெளியிலிருந்தும் பார்த்து, தெரியும் விண்மீன்களை எண்ணி ஒப்பிடுக. பெரியவர்களின் துணையுடன் செல்க.
2. உங்கள் தெருவில் வானை நோக்கி ஒளி வீசும் விளக்குகளைக் கணக்கெடுத்து, அவற்றைச் சீரமைக்க வேண்டி ஊராட்சி அல்லது நகராட்சிக்கு விண்ணப்பம் எழுதுக.

மதிப்பீடு

குறுவினா
1. விண்மீன் கூடலில் சிவப்பொளி மட்டும் பயன்படுத்தப்படுவது ஏன்?
2. ஹான்லேயில் அகத்திய மீனைக் காண்பது அரிதாவதற்குக் காரணம் என்ன?

சிறுவினா
1. ஒளிமாசு ஏனைய மாசுகளிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?

நெடுவினா
1. 'ஹான்லே மக்கள் விளக்கைத் துறக்கவில்லை' என்னும் கருத்தைப் பாடப்பகுதிவழி விளக்கி, உங்கள் ஊருக்கு அது பொருந்துமாற்றை எழுதுக.